சாவி கேட்டவர்

தனப்பிரியாவோடு வாதாடி ஜெயித்தவர் திருச்செங்கோட்டுக் காலேஜில் யாரும் இருந்ததில்லை. அவள் ஜெயித்தாள் என்றும் சொல்ல முடியாது. எதிராளி அலுத்துப்போய் டீ குடிக்க எழுந்து போய்விடுவான், அவ்வளவுதான். கூடப் படித்த பெண்கள் லேப்டாப் மூடியில் பூவும் பட்டாம்பூச்சியும் ஒட்டியிருந்தபோது இவள் ஒரு பென்குவின் படத்தை ஒட்டியிருந்தாள். அது என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. கம்ப்யூட்டருக்குள் ஓடும் நிரலை எழுதியவர் அதை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம், அதற்குப் பேர்தான் ஓப்பன் சோர்ஸ், அதுதான் நியாயம் என்று ஆரம்பித்தால் ஈரோடு பஸ் வரும்வரை நிறுத்தமாட்டாள்.

"மூடி வெச்சு விக்கறவன் என்ன சொல்றான்? கொழம்புல என்ன போட்டேன்னு கேக்காத, பேசாமச் சாப்புடுங்கறான். நீ சாப்புடுவியா?" என்பாள்.

"ருசியா இருந்தாச் சாப்புடுவேன்" என்று பதில் சொல்லக்கூடியவன் அவள் தம்பி சந்தோஷ்குமார் ஒருவன்தான். அவனும் பிறகு அதே காலேஜில் படித்து, பெங்களூரில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலைக்குப் போனான். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் எந்த வழியாக நுழைவான் என்று திருடனுக்கு முன்னால் யோசித்துச் சொல்வது அவன் வேலை. அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து தம்பிக்கு உலகத்தில் ஒருத்தரையும் நம்ப முடியவில்லை என்று தனப்பிரியா குறை சொல்வாள். நம்பாததற்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்பான் அவன்.

தனப்பிரியாவும் கொஞ்ச காலம் பெங்களூரில் வேலை பார்த்தவள்தான். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த கதிர்வேலைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் அங்கே, அவன் இங்கே என்று கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்தார்கள். மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். வேலையை விட்டதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. வாதாட ஆள் இல்லாததுதான் வருத்தம். கதிர்வேலிடம் எதைச் சொன்னாலும், "இருக்கும் அம்மணி" என்று சொல்லிவிட்டுத் தீவன லாரியைப் பார்க்கப் போய்விடுவான்.

முட்டைக்கோழிக்கு வெயில் ஆகாது. சித்திரையில் கொட்டகைக்குள் காற்று நின்றுபோனால் கோழிகள் இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். கவனிக்காமல் விட்டால் பொழுது சாய்வதற்குள் வரிசை வரிசையாகச் சாய்ந்துவிடும். சூடு ஏறுவதைப் பார்த்துத் தானாகவே பெரிய விசிறிகளை ஓடவிட்டு, பனிபோலத் தண்ணீர் தூவும் குழாய்களையும் திறந்துவிடும் பெட்டி ஒன்றைக் கதிர்வேல் ஒரு கம்பெனியிடம் வாங்கி மாட்டியிருந்தான். ஒரு வருஷம், வெயில் உச்சத்தில் இருந்தபோது, அந்தக் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கியது. பழைய பெட்டிகளுக்கு இனிமேல் சேவை கிடையாது என்று சொல்லி, அந்தப் பெட்டிகள் எல்லாம் கேட்டு நடந்த தலைமைக் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டார்கள். பெட்டி ஊமையாகிவிட்டது. கதிர்வேலும் வேலையாட்களும் பகல் முழுக்க மாற்றி மாற்றிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று, சாக்குப் படுதாக்களைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டு, எப்படியோ கோழிகளைக் காப்பாற்றினார்கள்.

தனப்பிரியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. நம் கொட்டகை, நம் விசிறி, நம் மின்சாரம். எங்கேயோ இருக்கிறவன் ஒரு பொத்தானை அமுக்கினால் நம் கோழி சாக வேண்டுமா? உள்ளங்கை அகலத்தில் மலிவான கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கி, அந்தப் பெட்டி செய்த வேலையெல்லாம் செய்யும்படி தானே ஒரு நிரல் எழுதினாள். அதற்கு 'நிழல்' என்று பேர் வைத்தாள். முழுவதையும், யாரும் படிக்கவும் எடுத்துக்கொள்ளவும், இணையத்தில் திறந்து போட்டாள்.

பக்கத்துப் பண்ணை வெள்ளியங்கிரி முதலில் வந்து பார்த்தார். பிறகு மோகனூர், பரமத்தி, அந்தப் பக்கம் பெருந்துறை என்று பரவியது. யாரென்றே தெரியாத ஆந்திரப் பண்ணைக்காரர்கள்கூட மாட்டிக்கொண்டு படம் அனுப்பினார்கள். பண்ணைக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டானது. அதில் முட்டை விலையைவிட அதிகமாக நடந்தது சண்டைதான்.

ஓசியில் கிடைப்பதை நம்பிக் கோழியை விடலாமா என்று ஒருவர் கேட்பார். காசு வாங்கினவன்தானே ஓடிப்போனான் என்று இன்னொருவர் எகிறுவார். நிரலைத் திறந்து போட்டால் திருடனும் படிப்பானே என்று ஒரு கேள்வி வரும். ஒருநாள் திருச்செங்கோட்டிலிருந்து ஜெகதீஸ்வரன் என்கிற போர்வெல் லாரிக்காரர், கோழிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாமல், நீளமாகப் பேசி அனுப்பினார். "முன்னயெல்லாம் ரிக் வண்டி நின்னா நம்மளே பிரிச்சுப் பாப்பமுங்க. இப்ப கம்பெனிக்காரன் லேப்டாப்பைக் கொண்டாந்து சொருகாத வரைக்கும் இஞ்சின் அசைய மாட்டேங்குது. அந்த அம்மணி சொல்றது நூத்துக்கு நூறு நெசமுங்க." அதைத் தனப்பிரியா மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள்.

ஆனால் வருஷம் போகப்போக அந்தச் சந்தோஷம் குறைந்தது. ஃபியூஸ் போனாலும் அவளுக்குத்தான் போன். எலி வயரைக் கடித்தாலும் அவளுக்குத்தான் போன். சாப்பிட உட்கார்ந்தால் போன், மகளின் பள்ளிக்கூட விழாவில் போன். "ஏனம்மணி, உன்ற பொட்டி நேத்திருந்து மொணங்குது, பாக்க மாட்டியா?" என்று அதட்டுகிறவர்கள், அவள் அதற்காக யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்பதையே மறந்துவிட்டிருந்தார்கள். நிழலை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஒதுங்கினால் போதும் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

கொடுப்பது என்றால் சாவியைக் கொடுப்பது. நிழலில் ஏதாவது திருத்தம் செய்து புதிதாக வெளியிடும்போது தனப்பிரியா தன்னிடம் மட்டும் இருக்கும் ஒரு ரகசியச் சாவியால் அதற்கு முத்திரை போடுவாள். அந்த முத்திரையைப் பார்த்தால்தான் பண்ணைகளில் இருக்கும் பெட்டிகள் நம்பி ஏற்றுக்கொள்ளும். அந்தச் சாவி கையில் இருப்பவன் நினைத்தால் அத்தனை கொட்டகையிலும் விசிறியை ஓட்டலாம், நிறுத்தவும் செய்யலாம்.

அந்த நேரத்தில்தான் 'பொன்வண்டு' வந்தார்.

பொன்வண்டு என்பது இணையத்தில் ஒருவர் வைத்துக்கொண்ட பேர். முகம் கிடையாது, ஊர் கிடையாது. நிழலின் நிரலில் சின்னச் சின்னக் குறைகளைத் திருத்தி அனுப்புவார். திருத்தம் ஒவ்வொன்றும் நறுக்கென்று இருக்கும். கம்பெனி கைவிட்ட பழைய பெட்டிகளையே குப்பையில் போடாமல் நிழலோடு சேர்த்து ஓட்டுவதற்கு வழி செய்துகொடுத்தது அவர்தான். பண்ணைக்காரர்கள் பொது மேடையில் கேட்கும் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவார். தனப்பிரியாவுக்கு அது பாதி பாரத்தை இறக்கி வைத்தது போலிருந்தது.

மாசி பிறந்ததும் அவர் பேச்சு மாறியது. அடுத்த வெளியீடு எப்போது என்று கேட்டார். பிறகு, வெளியிடும் உரிமையைத் தனக்கும் தர முடியுமா என்று கேட்டார். பங்குனியில், "வெயில் ஏறுவதற்குள் வேண்டும், தயவு செய்து" என்று எழுதினார். உங்கள் போன் நம்பர் கிடைக்குமா என்றும் கேட்டார்.

குலதெய்வக் கோயில் பொங்கலுக்காக ஊருக்கு வந்திருந்த சந்தோஷ்குமாரிடம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் இதைச் சொன்னாள். அவன் கையில் எடுத்த சோற்றை அப்படியே இலையில் வைத்துவிட்டான்.

"அக்கா, குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல. குடுக்கலாம்னுதான் இருக்கறேன்."

"அவசரம்னு சொல்றான் பாரு, அதுதான் திருடனோட மொத அடையாளம். மொதல்ல நல்லவனா வருவான். மாசக்கணக்குல ஒழைப்பான். நீ சலிச்சிருக்கற நேரம் பாத்துச் சாவியக் கேப்பான். ஒலகத்துல இப்பிடி நடந்திருக்குது."

"எல்லாரும் திருடன்னா அப்பறம் யாரு கூடச் சேந்து வேலை செய்யறது? யாருன்னே தெரியாதவங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான் இத்தனையும் கட்டியிருக்கறாங்க. நீ காலையில இருந்து போன்ல பாக்கறதுல பாதி அப்பிடி வந்ததுதான்."

"சரி, ஒண்ணு கேக்கறேன். உங்க பண்ணைக்குள்ள வெளி ஆளு வந்தா என்ன பண்றீங்க? வாசல்ல மருந்துத் தண்ணியில கால முக்காம உள்ள உடுவீங்களா? நோயி கொண்டாந்துருவான்னுதான? அப்பறம் மூஞ்சியே பாக்காதவனுக்குச் சாவி மட்டும் எப்பிடி?"

கதிர்வேல் தலையை ஆட்டினான். தனப்பிரியாவுக்குக் கோபம் வந்தது. "நீங்க என்ன அவன் பக்கம்?"

"பக்கமெல்லாம் இல்ல. கால முக்கறது சரிதான அம்மணி" என்றான்.

"இது தொறந்து கெடக்கற நிரல்டா. அந்த ஆளு என்ன பண்ணாலும் யாரு வேணா பாத்துக் கண்டுபுடிக்கலாம். மூடி வெச்ச பொட்டியில அது முடியுமா?"

சந்தோஷ்குமார் அவளை நேராகப் பார்த்தான். "பாக்கலாம்னா பாக்கறாங்கன்னு அர்த்தமா? நீயே சொல்லு. உன்ற நிரலை மொத வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் யாரு படிச்சிருக்கறாங்க?"

காலேஜ் நாளிலிருந்து இன்றுவரை, வாதத்தின் நடுவில் அவள் வாய் மூடியது அன்றுதான். மாமியார் பாவாயி ரசம் ஊற்ற வந்தவர் மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோயலுக்கு வந்த எடத்துல என்னடா சாமி வழக்கு, சாப்புடுங்க" என்று அதட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் பொன்வண்டுக்கு எழுதினாள். நீங்கள் யார் என்று தெரியாமல் உரிமை தர முடியாது, ஒரு முறை வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாமா என்று கேட்டாள். இப்போதைக்கு முகத்தையும் பேரையும் காட்ட முடியாத நிலையில் இருக்கிறேன், மன்னியுங்கள், ஆனால் உங்களிடம் தனியாகப் பேசியாக வேண்டும் என்று பதில் வந்தது. சந்தோஷ்குமார் அதைப் படித்தான். புருவத்தைத் தூக்கினான். அவள் பொன்வண்டின் கணக்கைத் தடுத்து வைத்தாள். இனி அவரால் நிழலின் பக்கத்தில் எதுவும் எழுத முடியாது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அவளால் நினைக்க முடியவில்லை. இத்தனை மாதம் கூட உழைத்த ஒருவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது போல இருந்தது. திருடனாகவே இருந்தாலும், அந்த ஆளின் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல உச்சிவெயிலில், பண்ணை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் ஒரு பை. புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருந்ததால் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கதிர்வேல் வாசலிலேயே நிறுத்தினான்.

"யாருங்க வேணும்?"

"தனப்பிரியாங்கறவங்களப் பாக்கணுமுங்க. என் பேரு இனியன். சொந்த ஊரு ஜலகண்டாபுரம். இப்ப சேலத்துல, கொண்டப்பநாயக்கன்பட்டியில குடியிருக்கறேன். இன்டர்நெட்ல பொன்வண்டுன்னு எழுதறது நான்தானுங்க."

கதிர்வேல் வீட்டைத் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தான். தனப்பிரியாவும், அன்று பெங்களூருக்குக் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்த சந்தோஷ்குமாரும் வெளியே வந்தார்கள். வந்தவர் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி, வாசலில் இருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு காலையும் முக்கி எடுத்துவிட்டு, உள்ளே வரலாமா என்பது போல நின்றார்.

"எங்க எடம் எப்பிடித் தெரிஞ்சுது?" சந்தோஷ்குமார்தான் கேட்டான்.

"நிழல்ல வெயில் கணக்குக்கு மாதிரியா வெச்சிருக்கற ஊரு புதுச்சத்திரமுங்க. எறங்கி, கம்ப்யூட்டர்ல பொட்டி செய்யறவங்க பண்ணை எதுன்னு கேட்டேன். டீக்கடையிலயே காட்டிட்டாங்க."

தம்பி அக்காளைப் பார்த்தான். பாதுகாப்பைப் பற்றி இத்தனை பேசியும் ஊர்ப் பேர் நிரலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு எழுதுனீங்க?" என்றாள்.

இனியன் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார். "உங்க கொட்டகையில முன்னாடி இருந்துதே அந்தக் கம்பெனிப் பொட்டி, அதுக்கு உள்ள ஓடுன நிரலை எழுதுன ஆளுல நானும் ஒருத்தன். பெரிய கம்பெனி வாங்கி எல்லாத்தையும் நிறுத்துனப்ப, பண்ணைக்காரங்க அழுதுட்டுப் பேசுன போனெல்லாம் எனக்குத்தான் வந்துச்சு. ஒண்ணும் செய்ய முடியல. அப்பறம் உங்க நிழலப் பாத்தேன். அங்க வேலையில இருந்துக்கிட்டே இதுக்கு எழுதறேன்னு தெரிஞ்சா வேலை போயிரும். அதான் பேரச் சொல்லல."

"அந்தக் கம்பெனி நிரலை இதுல கொண்டாந்து போட்டிருக்கறீங்களா?" என்றான் சந்தோஷ்குமார்.

"ஒரு வரி கெடையாதுங்க. நீங்களே ஒப்பிட்டுப் பாக்கலாம். நேத்தோட அந்த வேலையையும் விட்டுட்டேன். வேற எடத்துல சேரப் போறேன். இப்ப அதுக்கு வரலீங்க. நிழல்ல ஒரு ஓட்டை இருக்குது. அதை எல்லாரும் படிக்கற எடத்துல எழுதுனா, அடுத்த நிமிசமே எவனாவது கைய வெச்சுருவான். தனியாச் சொல்றதுக்கு நீங்க ஒரு வழியும் வெக்கல. நம்பர் கேட்டேன், தரல. நானே சரி பண்ணி வெளியிட்டுரலாம்னு உரிமை கேட்டேன், அதுவும் தரல. வேற என்ன செய்யறதுன்னு தெரியாமத்தான் பஸ் ஏறிட்டேன்."

வீட்டுக்குள்ளிருந்து வந்த பாவாயி, "வந்த ஒரம்பரைய வெயில்ல நிக்க வெச்சுட்டு என்ன பஞ்சாயத்து? உள்ள கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பு மோரை அவர் கையில் கொடுத்தார். இனியன் ஒரே மூச்சில் குடித்தார்.

"ஓட்டையக் காட்டுங்க" என்றாள் தனப்பிரியா.

கோழிகளை விற்றுவிட்டு, சுண்ணாம்பு அடித்துக் காயப்போட்டிருந்த காலிக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் காட்டலாம் என்று எல்லோரும் போனார்கள். கதிர்வேல் விசிறிகளை ஓடவிட்டான். இனியன் தன் போனை எடுத்து ஏதோ தட்டினார். அதில் தனப்பிரியாவின் கடவுச்சொல் கிடையாது, அவளுடைய அனுமதியும் கிடையாது. விசிறிகளின் இரைச்சல் தாழ்ந்து, இறக்கைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, ஒவ்வொன்றாக நின்றன. கொட்டகைக்குள் சுண்ணாம்பு வாசமும் அமைதியும் மட்டும் இருந்தன.

பக்கத்துக் கொட்டகையில் நிறையக் கோழிகள் இருந்தன. கதிர்வேல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தனப்பிரியா வீட்டுக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தாள். இனியன் இடத்தைச் சொன்னார். முதல் வருஷம், வெயிலின் அவசரத்தில், போனில் பார்ப்பதற்கென்று அவள் எழுதிய பகுதி அது. திரையில் பார்க்கிறவரிடம் கடவுச்சொல் கேட்கும். ஆனால் திரையைத் தொடாமல் பெட்டிக்கு நேராகக் கட்டளை அனுப்பினால், யார் என்னவென்று கேட்காமல் கேட்டுக்கொள்ளும்.

"முன்வாசலுக்குப் பூட்டு, பொறவாசல்ல வெறும் படலு" என்றான் பின்னால் நின்ற கதிர்வேல்.

நான்கு வெயில் காலம் இந்தப் படல் திறந்தே இருந்திருக்கிறது. உலகமே படிக்கலாம் என்று திறந்து வைத்த நிரல். யாருமே படிக்கவில்லை, எழுதிய அவளும் திரும்பப் படிக்கவில்லை. சந்தோஷ்குமார் சொன்னது சரியாகப் போய்விட்டது. ஆனால் அவன் முகத்திலும் ஜெயித்த களை இல்லை.

"தனியாச் சொல்றதுக்கு ஒரு வழி வெய்யின்னு நான் உனக்குச் சொல்லியிருக்கணும்க்கா. எங்க ஆபீஸ்ல மொத நாளே அதத்தான் சொல்லிக்குடுப்பாங்க. எனக்குத் தோணவே இல்ல" என்றான். பெங்களூர் பையைத் திண்டுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, இனியனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். திருத்தத்தை இனியன் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். தனப்பிரியா ஒரு வரி விடாமல் படித்தாள். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டாள். ஒன்றில் அவர் சொன்னது சரி, மற்றதில் அவள் சொன்னது சரி. சந்தோஷ்குமார் திருடனாக மாறி, திருத்தியதை உடைத்துப் பார்த்தான். உடையவில்லை. இன்னொரு வழியில் முயன்றான். அதுவும் உடையவில்லை. "சரி, போடு" என்றான். தனப்பிரியா சாவியால் முத்திரை போட்டு வெளியிட்டாள்.

பாதிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே புதியதை ஏற்றுக்கொண்டன. மற்றவை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் ஏற்கும் என்பதால் அந்தப் பண்ணைகளுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. காரணத்தை இப்போது சொல்லக்கூடாது, சொன்னால் விஷயம் பரவிவிடும். ஆளுக்குக் கொஞ்சம் பேரைப் பிரித்துக்கொண்டு கூடத்தில் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து கூப்பிட்டார்கள். "பொட்டிய ஒருக்கா அணைச்சுப் போடுங்க" என்று கதிர்வேல் சொல்லிக்கொண்டிருந்தான். "அதொண்ணுமில்லீங்க, வெயில் காலத்துக்கு முன்னாடி ஒரு சர்வீசு" என்று இனியன் தனக்குத் தெரிந்த கொஞ்சம் தெலுங்கில் ஆந்திரப் பண்ணைக்காரர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பாவாயி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதற்கு இத்தனை போன் என்று கேட்காமல், தன் போனிலிருந்தும் இரண்டு சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்.

வெள்ளியங்கிரி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "என்ற பொட்டியில நெட்டு வயரே கெடையாது அம்மணி. நீங்க வாட்ஸப்புல அடிச்சுக்கற சண்டையக் கேட்டுக் கேட்டு, எவன் பேச்சையும் நம்பறதில்லைன்னு போன வருசமே புடுங்கிப் போட்டுட்டேன்" என்றார்.

தனப்பிரியா முதலில் திகைத்தாள். பிறகு சிரித்தாள். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்த வட்டாரத்திலேயே பத்திரமாக இருந்தது அவர் பெட்டிதான்.

இதற்கு முன்னால் யாராவது அந்தப் பின்வாசல் வழியாக நுழைந்திருக்கிறார்களா என்பதுதான் மிச்சமிருந்த பயம். பெட்டிகள் தங்களுக்கு வந்த கட்டளைகளைச் சில மாதங்களுக்குச் சேர்த்து வைத்திருக்கும். பண்ணைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுச் சந்தோஷ்குமார் அவற்றைப் பார்த்தான். லீவைக் கூட்டிக்கொண்டான். பார்க்க முடிந்த எல்லாப் பெட்டியிலும் வந்திருந்தது அந்தந்தப் பண்ணைக்காரரும் அவர் வீட்டாரும் அனுப்பிய கட்டளைகள்தான். ஒரே ஒரு பெட்டியில் மட்டும், ஏதோ தெரியாத போனிலிருந்து வந்த கட்டளைகளால் விசிறி நின்று நின்று ஓடியிருந்தது. விசாரித்ததில், அந்தப் பண்ணைக்காரரின் மருமகன் விளையாட்டுக்குச் செய்தது என்று தெரிந்தது. "யாரும் வரலக்கா" என்று அவன் சொன்னபோது தனப்பிரியா சமையலறைச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் நெஞ்சில் என்ன பாரம் இருந்தது என்று அது இறங்கியபோதுதான் தெரிந்தது.

அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன்பே எல்லாப் பெட்டிகளும் புதியதற்கு மாறிவிட்டன. பிறகுதான் அவள் விஷயத்தை வெளியே சொன்னாள். என்ன ஓட்டை, எப்படி வந்தது, எழுதியது தானேதான், கண்டுபிடித்தது யார், எல்லாவற்றையும் எழுதினாள். குழுவில் எதிர்பார்த்த சண்டை நடந்தது. இதற்குத்தான் கம்பெனிப் பெட்டி வேண்டும் என்றது ஒரு கட்சி. கம்பெனியாக இருந்தால் ஓட்டை இருந்ததே தெரிந்திருக்காது என்றது இன்னொரு கட்சி. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு நிழலை விட்டுப் போனார்கள். அவள் யாரையும் தடுக்கவில்லை. ஜெகதீஸ்வரன் மட்டும், தன் ரிக் வண்டிக்கு இப்படி ஒரு ஆள் பஸ் ஏறி வருவாரா என்று கேட்டு ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

சாவி விஷயத்தில் சந்தோஷ்குமார் பிடிவாதமாக இருந்தான். இந்த முறை அவள் எதிர்க்கவில்லை. இனி ஒருவர் மட்டும் முத்திரை போட்டால் பெட்டிகள் ஏற்காது; தனப்பிரியா, இனியன், சந்தோஷ்குமார் மூவரில் இரண்டு பேர் போட வேண்டும். குறையைத் தனியாகச் சொல்ல ஒரு வழியும் வைத்தார்கள். நிழலின் நிரலைச் சந்தோஷ்குமார் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்தான். அப்படிப் படித்த முதல் ஆள் அவன்தான். இன்னும் சில சின்ன ஓட்டைகள் கிடைத்தன. அவற்றை அடைத்தார்கள். இனியன் புதிய வேலையில் சேர்ந்ததும் பொன்வண்டு என்ற பேரை எடுத்துவிட்டுத் தன் பேரையே போட்டுக்கொண்டார். பண்ணைகளிலிருந்து வரும் போனில் பாதி இப்போது அவருக்குப் போகிறது. அவர் தனப்பிரியாவைவிடப் பொறுமைசாலி. எலி கடித்த வயரைப் பற்றிக் கேட்டாலும் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

பள்ளிக்கூட லீவில் கொல்லிமலைக்குப் போகலாம் என்று மகள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் காலத்தில் போனை விட்டு நகர முடியாது என்பதால் தனப்பிரியா ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டு வந்தாள். இந்த வருஷம் இனியனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். "போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். கதிர்வேல் காரை ஓட்டினான். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து, கடைசியில் இல்லாமலே போனது. அவள் அதை ஒருமுறை பார்த்தாள். கைப்பைக்குள் போட்டுவிட்டாள். ஜன்னலை இறக்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. மகள் பின்சீட்டில் பாட ஆரம்பித்தாள்.

மறுநாள் சாயங்காலம் அடிவாரத்துக்கு வந்தபோது போனுக்கு மறுபடி உயிர் வந்து, செய்திகள் கடகடவென்று இறங்கின. யாரோ ஒருவர் விசிறி ஓடவில்லை என்று கேட்டிருந்தார். இனியன் பதில் சொல்லியிருந்தார். ஓடுகிறது, நன்றி என்று கேட்டவரே எழுதியிருந்தார். அதற்குக் கீழே, ஓப்பன் சோர்ஸ் நல்லதா கெட்டதா என்று நீளமாக ஒரு சண்டை போய்க்கொண்டிருந்தது. தனப்பிரியா பாதிவரை படித்தாள். ஒரு இடத்தில் பதில் எழுத விரல் போனது. மகள் பசிக்கிறது என்றாள். கதிர்வேல் சாலையோர ஓட்டல் ஒன்றின் முன்னால் காரை நிறுத்தினான். புரோட்டா தட்டும் சத்தம் கேட்டது. அவள் போனை அணைத்துவிட்டு இறங்கினாள்.